ஊரின் காணிப் பெயர்களை யார் எழுதுவது?

கோடை வந்தால் கனடாவின் ஸ்காபரோப் பூங்காக்களில் எங்கள் யாழ்ப்பாண ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்தான். ஒடியல் கூழ், கயிறிழுத்தல், நன்றியுரை. குளிர்காலத்தில் மண்டபம் பிடித்து ஓர் இராப்போசனம். சேரும் காசு ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. அது நல்ல காரியம். ஆனால் ஊரின் வரலாற்றை எழுதி வைக்க எத்தனை சங்கங்கள் காசு ஒதுக்குகின்றன?

எனக்கு ஊர் குரும்பசிட்டி. யாழ்ப்பாணத்தில் வசாவிளானுக்குப் பக்கத்தில் செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். 1930-இல் 'ஈழகேசரி' பத்திரிகையைத் தொடங்கிய நா. பொன்னையாவும், இலக்கிய விமர்சகர் கனக செந்திநாதனும் எங்கள் ஊரவர்கள். 1990 ஜூனில் சண்டை மூண்டு ஊர்ச் சனம் முழுதும் இடம்பெயர்ந்தது. பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். எங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் வடக்கில் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டபோது வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை. பற்றை மண்டிக் கிடந்தது. எது யாருடைய வளவு என்று சொல்ல வயதானவர்கள்தான் வேண்டியிருந்தது.

எண்பதைத் தாண்டிய என் பெரியம்மா தன் சீதனக் காணி உறுதியை இங்கே அலுமாரியில் வைத்திருக்கிறார். காணியின் பெயர், பரப்பு, நாலு பக்க எல்லை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் அதில் உண்டு. வடக்கெல்லைக்காரர் யார், அவருடைய பிள்ளைகள் எங்கே, கிணற்றில் துலா எப்போது போய் தண்ணீர் மெஷின் வந்தது என்று உறுதியில் இல்லாததையும் அவர் சொல்லுவார். அந்த ஒரு தாளை வைத்தே ஒழுங்கை முழுவதையும் கீறிவிடலாம்.

ஊர் நினைவைக் காப்பதற்கு எங்களுக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. இதே ஒன்ராறியோவில் வில்னோ என்ற சிற்றூர் இருக்கிறது. போலந்தின் கஷூபியக் கிராமங்களிலிருந்து 1858 முதல் வந்தவர்கள் அந்தப் பக்கத்துக் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் அங்கே ஒரு பாரம்பரிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததை நாங்களும் செய்யலாம். எங்களுக்கு இன்னும் வசதி கூட, ஊரில் பிறந்தவர்களே எங்களோடு இருக்கிறார்கள்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பிறகும் ஆவணங்களின் ஒரே பிரதியை ஒரே அலுமாரியில் பூட்டி வைப்பது சரியில்லை. 'நூலகம்' என்ற நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சங்கங்கள் உறுதிகளையும் பள்ளி மலர்களையும் இறந்தோர் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் புத்தகங்களையும் ஸ்கான் செய்து, உரியவர்களின் சம்மதத்தோடு அங்கே சேர்க்கலாம்.

நிர்வாகசபையினரே, இந்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யும் பொறுப்பை இளையவர் இருவரிடம் இப்போதே கொடுங்கள்.