உகந்த இடம் என்கிற தந்திரம்

அதிகாரம் இருக்கிறது, ஆனால் விசாரிக்க மாட்டோம். கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 3135ஆம் பிரிவைச் சாதாரணத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். 1994இல் நடைமுறைக்கு வந்த இப்பிரிவின்படி, வேறொரு நாட்டு நீதிமன்றமே வழக்கைத் தீர்க்கக் கூடுதல் பொருத்தமானது என்று கருதினால், இங்குள்ள நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளலாம். சாட்சிகள் எங்கே, ஆவணங்கள் எங்கே, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், பிரதிவாதியின் சொத்து எங்கே என்றெல்லாம் நிறுத்துப் பார்ப்பார்கள். விதிவிலக்காக மட்டுமே இதைச் செய்யலாம் என்றும் அப்பிரிவே சொல்கிறது. அந்த விதிவிலக்கு யாருக்கு வாய்க்கிறது என்பதுதான் கேள்வி.

1995 ஆகஸ்ட் 19இல் கயானாவின் ஓமாய் தங்கச் சுரங்கத்தில் கழிவுநீர் அணை உடைந்தது. சயனைட் கலந்த நீர் ஓமாய் ஆற்றின் வழியே எசெகிபோ பெருநதியில் கலந்தது. சுரங்கத்தின் 65 வீதப் பங்கு மொன்றியலைத் தளமாகக் கொண்டிருந்த கம்பியோர் கொம்பனியுடையது. 5 வீதம் கயானா அரசினுடையது. பாதிக்கப்பட்ட 23,000 பேர் சார்பில் மொன்றியலில் வழக்குத் தொடரப்பட்டது. 1998 ஆகஸ்டில் கியூபெக் மேல் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் உண்டென ஏற்றுக்கொண்டது. ஏற்ற கையோடு, கயானாவே உகந்த இடம் என்று கைகழுவியது. அந்நாட்டு நீதித்துறை போதாது என்ற வாதம் எடுபடவில்லை. கயானாவில் போட்ட வழக்கு 2006இல் தள்ளுபடியானது. எதிர்த்தரப்பின் செலவையும் வழக்காடியவர்களே கட்ட வேண்டுமென்று உத்தரவாயிற்று!

போபாலுக்கு நடந்ததும் இதுதான். தன் நீதிமன்றங்களால் இவ்வழக்கைத் தாங்க இயலாதென்று இந்திய அரசே நியூயோர்க்கில் வாதாடியும், 1986இல் வழக்கு இந்தியாவுக்குத் திருப்பப்பட்டது. 1989இல் 47 கோடி டொலருடன் கணக்கை முடித்தார்கள்.

மூன்றாம் உலக நீதிமன்றங்களை வெள்ளைக்காரன் எடைபோடுவது காலனித்துவம் இல்லையா என்று நம்மவரில் சில முற்போக்காளர் கேட்கக்கூடும். கொம்பனிகளுக்கு இனிக்கும் வாதம் இது. கூண்டில் நிற்க வேண்டியது மொன்றியல் கொம்பனி. கயானாவை யாரும் கூண்டிலேற்றவில்லை. ஏழைகளால் அங்கே வழக்கை நடத்த முடியுமா என்பதே அளவுகோல். 2000இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அப்படித்தான் பார்த்தது: தென்னாபிரிக்க அஸ்பெஸ்டஸ் நோயாளிகளுக்குத் தம் நாட்டில் வழக்காடப் பணமோ சட்ட உதவியோ கிடைக்காது என்பதால், இங்கிலாந்திலேயே விசாரிக்கச் சொன்னது.

கயானாக்காரர் விவகாரம் எமக்கெதற்கு என்பீர்களா? இதே நகரில்தான் எமது அகதிக் கோரிக்கைகளும் விசாரிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஆபத்தென்றால் கொழும்பில் இருந்திருக்கலாமே என்று எம்மவரிடம் கேட்டார்கள். கொழும்பில் ஒரு தமிழ் இளைஞன் அறை எடுக்க முடியுமா, சுற்றிவளைப்புக்குப் பயப்படாமல் உறங்க முடியுமா என்பதெல்லாம் அவர்களுக்குப் பிறகு. உகந்த நீதிமன்றமும் உகந்த கொழும்பும் ஒரே தர்க்கத்தின் பிள்ளைகள். அங்கே ஓர் இடம் இருக்கிறது என்றால் போதும். அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்பவர் குறைவு.

நாளை எமது மண்ணில் நடந்த கொடுமையொன்றுக்கு இங்குள்ள ஒரு கொம்பனியைப் பொறுப்பாக்கப் போனால், கொழும்பு நீதிமன்றமே உகந்தது என்று இதே பிரிவைக் காட்டுவார்கள். ஆகவே எமது கோரிக்கை ஒன்றுதான். வேறிடம் போ என்று சொல்கிற கொம்பனியே, அந்த வேறிடத்தில் பாதிக்கப்பட்டவரால் உண்மையில் வழக்காட முடியும் என்று நிரூபிக்கட்டும். நிரூபிக்கும்வரை வழக்கு மொன்றியலிலேயே இருக்கட்டும்.