கேட்டுக்கு வெளியே நின்ற தகப்பன்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் ஐயா,

படவேட்டிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் 14 மாதத்தில் 6 மனு எழுதியிருக்கிறேன். மூன்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தவை. இரண்டு பதிவுத் தபால். ஒன்றை உங்கள் கையிலேயே கொடுத்தேன். எழுந்து நின்று வாங்கிக்கொண்டீர்கள், அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. ஆறுக்கும் பதில் ஒன்றுதான்: சம்பந்தப்பட்ட அலுவலருக்கு மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. அந்தச் சம்பந்தப்பட்ட அலுவலர், யார்மீது புகாரோ அவரேதான். ஆகவே ஏழாவது மனுவை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் என்று சொல்லி 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் அவர்களில் பலர். செத்தவர்களை நாடு எண்ணியது. பிடிபட்டு ஆந்திரச் சிறைகளில் கிடந்து திரும்பியவர்களை யாரும் எண்ணவில்லை. அப்படித் திரும்பிய ஒருவருடைய மகனைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர் உள்ளே போனபோது பையனுக்குப் பத்து வயது. வந்தபோது பன்னிரண்டு முடிந்திருந்தது. பையன் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன் தகப்பனை "நீங்க" என்று கூப்பிட்டான். மலையில் எந்தப் பிள்ளையும் அப்பனை அப்படிக் கூப்பிடுவதில்லை. தகப்பனும் பேச்சை விட்டிருந்தார். திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். டாக்டரிடம் காட்டினார்கள், தூக்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை.

பாட்டிதான் வழி சொன்னாள். அந்தக் கிழவி பிரசவம் பார்த்தவள், பச்சிலை தெரிந்தவள். "ரெண்டு பேரு காலும் ஒரே மண்ணுல படட்டும் வாத்தியாரே, மனசு தானா வழிக்கு வரும்" என்றாள். ஐப்பசியில் சாமை அறுப்பு. பையனுக்கு லீவு வேண்டும். லீவுக் கடிதத்தை நான் எழுதினேன், பாட்டி கைநாட்டு வைத்தாள், வகுப்பு ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டார்.

13 நாள். அப்பனும் மகனும் பகலில் தாள் அறுத்தார்கள், ராத்திரி பன்றிக் காவலுக்குப் பரண்மேல் படுத்தார்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஈரமண்ணில் பதிந்திருந்த காலடியைக் காட்டி, "இது பெட்டை, குட்டியோட வந்திருக்கு" என்று அவர் முதல் வார்த்தை பேசினார். பையன் கேள்விமேல் கேள்வி கேட்டான். களத்தில் மாடு பிணைத்துத் தாம்பு ஓட்டும்போது நான் போய்ப் பார்த்தேன். கயிறு பையன் கையில் இருந்தது. பின்னால் நடந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பா, மாட்ட அந்தப் பக்கம் திருப்பு" என்று பையன் கத்தினான். "நீங்க" போய்விட்டிருந்தது ஐயா. எத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தேன், இப்படி ஒரு பாடம் நான் நடத்தியதில்லை.

பதினாலாம் நாள் தகப்பனே பையனைக் கொண்டுபோய் விட்டார். புதுச் சாமையை இடித்துப் புடைத்து, இரண்டு படி அரிசியைத் துணிப்பையில் கட்டி எடுத்துப் போனார். விடுதிக்கு. கொடுக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது.

கேட்டைத் திறக்கவில்லை. பிள்ளைகள் தட்டோடு சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நேரம். பெயருக்கு நேரே நீண்ட நாள் வராதவன் என்று எழுதியாகிவிட்டது என்றார் காப்பாளர். லீவுக் கடிதம் கொடுத்தோமே என்று தகப்பன் சொல்ல வாயெடுத்தார். "ஜெயிலுக்குப் போய் வந்தவன் புள்ளைக்கு லீவு ஒரு கேடா? சாமை அறுக்கறவனுக்கு எதுக்குச் சர்க்கார் சோறு?" அத்தனை பிள்ளைகள் முன்னாலும். தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார் அந்த மனிதர். அரிசிப் பையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

பையன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். வயது 14. இதையும் ஆறாவது மனுவில் எழுதியிருந்தேன். படித்தீர்களா?

விடுதிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று வேளைச் சோறும் படுக்க இடமும் தந்து எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியவை அவை. மலைச் சனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். 2024-இல் ஸ்ரீபதி சிவில் நீதிபதித் தேர்வில் வென்றபோது முதலமைச்சரே வாழ்த்தினார். இதே ஜவ்வாது மலைச் சனத்துப் பெண், பிரசவமான இரண்டாம் நாள் போய்த் தேர்வு எழுதியவர். அக்கறையை எந்தத் தராசில் நிறுக்கிறீர்கள்?

கனடாவில் நூறாண்டுக்கும் மேலாகப் பூர்வகுடிப் பிள்ளைகளை, ஏறக்குறைய 1,50,000 பேரை, வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். பாஷையை மறக்கடித்தார்கள். 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இங்கே 20 பிணம் விழுந்த அதே 2015-இல் அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகளை வைத்தது. இன்றைக்கு அங்கே பெரியவர்கள் பிள்ளைகளைக் காட்டுக்கும் ஏரிக்கும் கூட்டிப் போய்க் கற்றுக்கொடுக்கிறார்கள். உடைந்த குடும்பங்களுக்கு அதுவே வைத்தியமென்று செய்கிறார்கள். நம் கிழவி அதைச் சாமைக் காட்டில் தானாகச் செய்தாள். அங்கே பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இங்கே பெற்றவர்கள் நம்பிக் கொண்டுவந்து விட்டார்கள். நம்பி வந்தவனை அவன் பிள்ளை கண்ணெதிரே அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறது உங்கள் நிர்வாகம்.

கனடாவரைக்கும் போவானேன்? தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் இருப்பவர்களில் பெரும்பாலோரும் இந்த மலையில் இருப்பவர்களைப் போல மலையாளிப் பழங்குடிச் சனங்கள்தான். 1993-இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். நிலத்தைக் கவனிக்காமல் உடம்பு தேறாது என்று கண்டு சிறுதானிய விவசாயத்திலும் இறங்கினார்கள். ஒரு பகல் பயணத்தில் போய்ப் பார்த்துவிடலாம். ஜீப்பும் டிரைவரும் உங்களிடம் உண்டு.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அறுப்புக் காலத்தில் மலைப்பிள்ளைகளுக்கு லீவு வேண்டும், அந்த நாட்கள் பதிவேட்டில் படித்த நாட்களாக ஏற வேண்டும். கிழவியைப் போன்றவர்கள் வகுப்புக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். இதெல்லாம் ஆணை போட்டுச் செய்ய வேண்டியவை, நாளாகும், தெரியும். பையனைத் திருப்பூரிலிருந்து மீட்டுக் கொண்டுவர ஆணை எதற்கு? அந்த மனிதர் வீட்டுத் திண்ணைக்குப் போய், "தப்பாப் பேசிட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்ல எந்தக் கோப்பில் கையெழுத்து வேண்டும்? அந்த ஐப்பசி போய் இன்னொரு ஐப்பசியும் போய்விட்டது. இந்த முறை பரணில் கிழவி தனியாகப் படுத்திருந்தாள்.

பையனுடைய டிரங்குப் பெட்டி இன்னும் விடுதியில்தான் இருக்கிறது. உள்ளே இரண்டு செட் உடுப்பு, ஏழாம் வகுப்புப் புத்தகங்கள், சளிக்குப் பாட்டி கட்டிக் கொடுத்த ஆடாதோடைப் பொடி முடிச்சு ஒன்று. நான் போய்க் கேட்டேன். மாணவன் நேரில் வந்தால்தான் தருவார்களாம். சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
படவேட்டிலிருந்து ஒரு பழைய வாத்தியார்