வைரஸ் தென்படாவிட்டாலும் ஓயாத எச்ஐவி: மருந்து தடைபட்டால் நேர்வது என்ன?

ஏஆர்டி மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து 2022-இல் எச்ஐவி தொற்றுள்ளோர் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் வாரக்கணக்கில் போராடினர். போதிய இருப்பு உள்ளதாக மத்திய அரசு விளக்கமளித்தது. சில நாள் மருந்துக்காக இத்தனை பதற்றம் ஏன் என்ற கேள்விக்கு விடை, உடலுக்குள் உறங்கும் வைரஸிடம் இருக்கிறது.

தொற்றிய சில நாள்களிலேயே எச்ஐவி தனது மரபணுவை சிடி4 செல்களின் மரபணுவுக்குள் பதித்துவிடுகிறது. அச்செல்களில் சில ஓய்வுநிலைக்குச் செல்ல, அவற்றுடன் வைரஸும் உறங்குகிறது. புதிய செல்களுக்கு வைரஸ் பரவுவதைத் தடுக்கும் மருந்துகளால் இந்த மறைவிடத்தை அழிக்க இயலாது.

இந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அந்த வேகத்தில் முற்றிலும் அழிய 70 ஆண்டுகளுக்கு மேலாகும். போதாக்குறைக்கு, வைரஸைச் சுமக்கும் செல்கள் பிரிந்து பெருகவும் செய்கின்றன. அதனை மருந்து தடுப்பதில்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010-இல் பிறந்த குழந்தைக்கு, 30 மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கி, சுமார் 18 மாதங்களில் நின்றுபோனது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வைரஸ் தென்படாததால் குணமடைந்ததாகவே நம்பப்பட்டது. ஆனால் 2014-இல் வைரஸ் மீண்டது. அவ்வளவு சீக்கிரம் சிகிச்சை பெற்றதால் அதன் இருப்பு மிகச் சிறியது. பெரும்பாலான நோயாளிகளுக்கு, மருந்து நின்ற சில வாரங்களிலேயே வைரஸ் ரத்தத்தில் திரும்பிவிடுகிறது.