பசுக்கள் மீண்டன, பொலிகாளைகள் போதுமா? வெச்சூர் இனம் முன்வைக்கும் கணக்கு

திருவனந்தபுரம்: அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட வெச்சூர் பசு, இன்று கேரளத்தின் வீட்டு முற்றங்களில் விரும்பி வளர்க்கப்படுகிறது. எனினும், ஒரு கால்நடை இனம் பிழைத்துவிட்டதா என்பதைத் தலைகளை எண்ணி மட்டும் முடிவு செய்ய இயலாது.

கோட்டயம் மாவட்டம் வைக்கம் அருகேயுள்ள வெச்சூர் கிராமமே இந்த இனத்தின் பூர்வீகம். உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் பால் தரும். தீவனம் குறைவாகவே தேவைப்படும்.

கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் 1961-ல் வந்தது. உரிமம் பெறாத காளைகளுக்குக் காயடிப்பது கட்டாயமானது. 1963-ல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் மூலம் 'சுனந்தினி' கலப்பினம் உருவானது. அந்தப் பணியைத் தற்போது மேற்கொண்டுவரும் கேரளக் கால்நடை மேம்பாட்டு வாரியம், திருவனந்தபுரம் பட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. பால் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் எடுக்கப்பட்ட அந்த முடிவை இன்று குறை கூறுவது எளிது. ஆனால் விளைவு கண்கூடு. 2019 கணக்கெடுப்பின்படி மாநில மாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கலப்பினங்களே. பசுக்கள் அங்குமிங்கும் எஞ்சியிருந்தும், அவற்றுடன் சேர்க்க அதே இனத்துக் காளை இல்லாமல் போனது.

திருச்சூர் மண்ணுத்தியில், கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவரது மாணவர்களும் 1989-ல் மீட்புப் பணியைத் தொடங்கினர். அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சிக்கல் இனிமேல்தான். 200 பசுக்கள் கொண்ட மந்தையில் 2 பொலிகாளைகள் மட்டுமே இருந்தால், மரபியல் கணக்கின்படி அது வெறும் 8 மாடுகள் கொண்ட மந்தைக்குச் சமம். பிறக்கும் கன்றுகள் அனைத்தும் அந்த இரு தந்தையரின் வாரிசுகளாகவே இருக்கும். அடுத்த தலைமுறையில் நெருங்கிய உறவுகளுக்குள் சேர்க்கை நிகழும். சினை பிடிப்பதும் நோய் தாங்கும் திறனும் குறையும். காளைகளின் எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தினால், அதே 200 பசுக்களின் மதிப்பு 70-ஐத் தாண்டும். குறுகிய காலத்துக்கேனும் பாதுகாப்பாக இருக்க 50 வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

குள்ள உருவத்தின் மீதான மோகம் இதற்கு எதிராகச் செயல்படுகிறது. 61.1 சென்டிமீட்டர் உயரமுள்ள 'மாணிக்யம்' என்ற வெச்சூர் பசு 2014-ல் கின்னஸ் சாதனை படைத்தது. உயரம் குறையக் குறைய விலை கூடுமானால், வளர்ப்போர் மிகக் குட்டையான ஒரு சில காளைகளையே நாடுவர்.

தமிழகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய இனங்களைக் காப்பது 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் முழக்கங்களுள் ஒன்று. இனப்பெருக்கத்துக்கான காளைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019-ல் இயற்றப்பட்டபோது, கிராமங்களில் உள்ள நாட்டுக் காளைகளின் நிலை குறித்து அச்சம் எழுந்தது. கேரளத்தின் 1961 அனுபவத்தைப் பார்க்கையில் அந்த அச்சத்தைப் புறந்தள்ள இயலாது.

உறைவிந்து சேமித்தால் போதும் என்ற வாதமும் உண்டு. தோல் கழலை நோய் 2022-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பலிகொண்ட நிலையில், அத்தகைய சேமிப்பு அவசியமே. ஆனால் பசுக்கள் முற்றிலும் அழிந்தபின் விந்து மட்டும் எஞ்சினால், வேற்றினப் பசுவுடன் சேர்த்து, பிறக்கும் கிடேரிகளை மீண்டும் மீண்டும் அதே இன விந்தால் சினையாக்க வேண்டும். ஐந்து தலைமுறைகளுக்குப் பின்னரே சுமார் 97 சதவீதம் மீளும். மாடுகளில் அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகலாம். தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மரபுக்கூறு அப்போதும் திரும்பாது.