ஒரு மானுக்கு ஒரு சீட்டு

பொதுப்பொருள் சிறிது, அதனை வேண்டுவோர் பலர். இந்நிலையில் அதனை யாருக்கு, எம்முறையில் வழங்குவது என்னும் வினா எந்நாட்டிலும் எழுவதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எல்க் என்னும் மானை வேட்டையாடுவோர் பெறவேண்டிய உத்தரவுச் சீட்டுகளைப்பற்றிப் படித்தபொழுது இவ்வினாவே நம் உள்ளத்தில் மேலோங்கி நின்றது. துப்பாக்கியைத் தொட்டும் அறியாத நாம் வேட்டையைப்பற்றி எழுதப் புகுந்தது இதன்பொருட்டேயாம்.

இலங்கையிலிருந்த ஆங்கிலேயர் மிளாவை எல்க் என்று வழங்கினர். ஈண்டு நாம் குறிப்பது அதுவன்று. வாபிட்டி என்றும் பெயர் பெற்ற வட அமெரிக்க மானாகும். ஐரோப்பியர் குடியேறுமுன் ஏறக்குறைய ஒரு கோடி இருந்ததாக மதிக்கப்படும் இவ்வினம், வரம்பற்ற வேட்டையால் 1900ஆம் ஆண்டையடுத்து ஒரு லட்சத்திற்கும் கீழே குறைந்தது. கடிகாரச் சங்கிலியில் அணிதற்குரிய இரண்டு பற்களுக்காக முழு விலங்கையும் கொன்று கிடத்தியவரும் உளர். அதன் பின்னரே சட்டங்கள் கடுமையாயின. எல்லோஸ்டோன் வனத்திலிருந்து மான்கள் பிற மாகாணங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று அவற்றின் தொகை பத்து லட்சத்தை அணுகி நிற்கிறது.

இம்மீட்சியைக் காத்து நிற்பனவற்றுள் ஒன்று சீட்டு முறை. லைசென்ஸ் என்பது வேட்டையாடும் பொது உரிமை; டாக் என்பது குறித்த பருவத்தில், குறித்த இடத்தில், ஒரேயொரு மானைக் கொள்ளும் உரிமை. கொலராடோ மாகாணத்தில், 1949 ஜனவரி முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சியில் தேறிய பின்னரே சீட்டுப் பெறலாம். மான் வீழ்ந்தால் சீட்டில் நாளிட்டுக் கையொப்பமிட்டு அதன் உடலோடு இணைத்தல் வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குதல் குற்றம். 1937இல் இயற்றிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டாக்களின்மீது பெறும் வரியும் வனவிலங்குப் பணிக்கே செல்கிறது.

நிற்க. விண்ணப்பங்கள் மிகும்பொழுது சீட்டு யாருக்கு? இதற்கு மூன்று வழிகளைக் காண்கிறோம். முதலாவது குலுக்கல். கென்டக்கி மாகாணத்தில் 1997இல் மீண்டும் குடியேற்றப்பட்ட எல்க் மான்களை 2001 முதல் வேட்டையாட விடுகின்றனர்; அங்கே பொதுச் சீட்டுகள் குலுக்கலில் வழங்கப்படுகின்றன. இரண்டாவது காத்திருப்பு. கொலராடோவில் சீட்டுக் கிடையாதவர் ஆண்டுக்கொரு மதிப்பெண் சேர்க்கின்றனர். சிறந்த வனப்பகுதிகள் சிலவற்றிற்கு இருபது மதிப்பெண்ணும் போதா. பத்தொன்பது வயதினராகிய நம்போன்றார் இன்று தொடங்கினால் நாற்பதைக் கடந்தே காடு புகுதல் கூடும்! மூன்றாவது பணம். நியூ மெக்ஸிகோவில் நிலவுடைமையாளர் தமக்குக் கிடைக்கும் வேட்டை உரிமையைப் பிறர்க்கு விற்கலாம். வேறு சில மாகாணங்கள் சிற்சில சீட்டுகளை ஏலமிடுகின்றன.

பணவழிக்கும் நியாயம் உண்டு. மான் மேய்வது நிலக்காரனது புல். முறிப்பது அவனது வேலி. ஏலப்பணமும் விலங்குகளைப் பேணவே உதவுகிறது. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காட்டு விலங்கு ஒருவனுக்கு உரியதன்று, மக்கள் அனைவர்க்கும் உரியது என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. பொருளுடையானுக்கு ஒரு வாயில், இல்லானுக்கு ஒரு வாயில் என்றால் அவ்வடிப்படை தளருமன்றோ? வேலிக்கு இழப்பீடு தருக. உரிமையை விற்க விடுதல் வேண்டா. காத்திருப்போ பொறுமையைப் போற்றுவது. எனினும் வரிசை ஆண்டுதோறும் நீளுதலின், பின்வந்த இளைஞர்க்கு அது கானல்நீராகிறது. ஆதலின் குலுக்கலே மூன்றினுள்ளும் நேரியது என்பது நம் துணிபு. அதில் ஏமாற்றம் உண்டு, அவமதிப்பு இல்லை.

வேட்டையே வேண்டா என்பார் உளர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. அதனை நாம் குறைகூறோம். நாம் கருதுவது பங்கிடும் முறையையே. நாளை நம்மவருட் சிலர், பலர் வேண்டும் பொருளைச் சிலர்க்கே அளிக்கும் பதவிகளில் அமர்வர். அந்நாளில் செல்வர்க்கென்று தனி வாயில் ஒன்று திறக்குமாறு அவர்களை வேண்டுவார் பலர் வருவர். அதனை மறுக்கும் துணிவு வேண்டும்.