நடந்தால்தான் ஆட்டமா?

கடந்த வாரம் எங்கள் துறை ஆய்வரங்கில் ஒரு கட்டுரை வாசித்தேன். கோல்ஃப் போட்டியில் காயமுற்ற ஆட்டக்காரர் வண்டியில் செல்லலாமா என்பது அதன் பொருள். தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஆராய வந்தவனுக்குப் பணக்காரர் விளையாட்டில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிறகு, கோல்ஃப் ஆடும் வழக்கமுள்ள மூத்த பேராசிரியர் எழுந்தார். "எங்கள் கிளப்பில் போட்டி நாளன்று யாருக்கும் வண்டி கிடையாது. கால் பிசகியவர் குணமான பிறகு வந்து ஆடட்டும். இதில் அநீதி எங்கே இருக்கிறது?" என்றார். அரங்கில் பெரும்பாலோர் தலையசைத்தனர். நேரம் முடிந்துவிட்டது. அங்கே சொல்ல வாய்க்காத மறுமொழியை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

கோல்ஃப் அறியாதவர்களுக்காக ஒரு சொல். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். நடந்து ஆடினால் ஏறத்தாழ ஐந்து மைல். நான்கைந்து மணி நேரம். அந்தத் தொலைவைக் கடக்க உதவும் சிறு வண்டியைப் பிரிட்டனில் பக்கி என்றும் அமெரிக்காவில் கார்ட் என்றும் அழைப்பர். இங்கே வண்டி என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில், 'விதி அப்படித்தான் சொல்கிறது' என்னும் வாதம். அது பிழை. ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகள் சேர்ந்து வெளியிடும் கோல்ஃப் விதிநூல் வண்டியைத் தடை செய்யவில்லை. தடை வேண்டுமென்றால், போட்டிக்குழு தானாக ஓர் உள்விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜி-6 என்னும் மாதிரி உள்விதி அதற்காகவே தரப்பட்டிருக்கிறது. அந்த மாதிரியிலும், குழு அனுமதித்தால் வண்டியில் செல்லலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. ஆகவே, காயமுற்றவரைத் திருப்பி அனுப்புவது குழுவில் அமர்ந்திருக்கும் சில மனிதர்களின் முடிவு. தாம் எடுத்த முடிவை விதியின் தலையில் சுமத்திவிட்டுக் கைகழுவ அவர்களுக்கு உரிமையில்லை. முடிவு அவர்களுடையது என்றால் காரணம் சொல்லும் கடமையும் அவர்களுடையதே.

அவர்கள் சொல்லும் காரணம், நடப்பது ஆட்டத்தின் உயிர் என்பது. இந்த வாதம் நீதிமன்றத்தில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. கேசி மார்ட்டின் என்னும் அமெரிக்க ஆட்டக்காரருக்குப் பிறவியிலேயே வலக்காலில் இரத்த ஓட்டக் கோளாறு. நடந்தால் கடும் வலி. எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. பிஜிஏ டூர் அவருக்கு வண்டியை மறுத்தது. 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் அவர் வழக்குத் தொடர்ந்தார். 2001 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆட்டத்தின் சாரம் பந்தை அடிக்கும் திறனில் இருக்கிறது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் கூறினார். ஐந்து மணி நேரத்தில் ஐந்து மைல் நடப்பதால் செலவாகும் ஆற்றல் சுமார் 500 கலோரி; ஒரு பிக் மேக் பர்கரில் உள்ளதைவிடக் குறைவு என்ற நிபுணர் சாட்சியமும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. வண்டி இருந்தும் மார்ட்டின் ஒரு சுற்றில் ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு ஏற்படும் களைப்பு, முழுத் தொலைவையும் நடக்கும் மற்றவர்களுடையதைவிட அதிகம் என்று விசாரணை நீதிமன்றம் கண்டிருந்தது.

அந்த வழக்கில் ஆர்னால்ட் பாமர், ஜாக் நிக்லஸ் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் வண்டிக்கு எதிராகச் சாட்சியம் அளித்தனர். களைப்பு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் உச்ச நீதிமன்றம் ஒரு நுட்பத்தைக் கவனித்தது. வண்டி சிலருக்கு அனுகூலம் தரக்கூடும் என்றார்களே தவிர, மார்ட்டினுக்கு அது அனுகூலம் தருமா என்பது பற்றி அவர்கள் எதுவுமே சொல்லவில்லை. எங்கள் அரங்கில் நடந்ததும் இதுவே. 'வண்டி அனுகூலம்' என்று பொதுவாகச் சொன்னார்கள். வீங்கிய கணுக்காலோடு வரும் குறிப்பிட்ட ஒரு மனிதருக்கு அது அனுகூலமா என்று யாரும் கேட்கவில்லை.

களைப்புதான் சோதனை என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். விதிப்படி ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றையும் பந்துகளையும் குடையையும் திணித்த பையைச் சுமப்பவர் யார்? கேடி. விதிநூலே அவரை அனுமதிக்கிறது. நம் நாட்டு கிளப் ஒன்றில் வெயிலில் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து மைல் நடப்பவர் கூலி பெறும் கேடி. கைவீசி நடப்பவர் உறுப்பினர். சுமையை அடுத்தவர் தோளுக்கு மாற்றியபோது குலையாத ஆட்டத்தின் தூய்மை, காயமுற்றவர் நான்கு சக்கரத்தில் ஏறி அமர்ந்ததும் குலைந்துவிடுமா? உழைப்பைக் கூலிக்கு வாங்கலாம், வலிக்கு மட்டும் விலக்கில்லை என்பது எந்த அறம்?

களைப்புக்கு ஆட்டத்தில் இடமே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1964 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் 36 குழிகள் ஆட வேண்டியிருந்தது. கடும் வெப்பத்தில் நிலைகுலைந்து விழும் தறுவாயில் இருந்த கென் வென்சூரி அன்று வென்றார். கோல்ஃப் வரலாற்றில் இன்றும் பேசப்படும் வெற்றி அது. ஆனால் மறுஆண்டே, 1965இல், அந்தப் போட்டி நான்கு நாள்களாக மாற்றப்பட்டது. ஒரே நாளில் 36 குழிகள் என்ற கடைசி நாள் ஒழிந்தது. நடையின் பாதியைக் கடைசி நாளிலிருந்து எடுத்த பின்னும் அமெரிக்க ஓப்பன் அமெரிக்க ஓப்பனாகவே நீடிக்கிறது. உயிர் என்று சொல்லப்பட்டதை நிர்வாகிகளே வசதிக்கேற்பக் குறைத்திருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். மார்ட்டின் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதம் அது. விளையாட்டு விதிகள் அனைத்துமே மனிதர் வைத்துக்கொண்ட ஏற்பாடுகள். அவற்றுள் எது சாரம், எது சாரமல்ல என்று பிரிக்க நீதிமன்றத்திற்கு வழியே இல்லை என்றார். இப்படிப் போனால், கவனக் குறைபாடுள்ள சிறுவனுக்கு பேஸ்பாலில் நான்காவது வாய்ப்புக் கேட்டும் பெற்றோர் வழக்குத் தொடர்வர் என்று எள்ளினார்.

வாதம் கூர்மையானது, முடிவு பிழையானது. எல்லா விதிகளும் மனிதர் வைத்தவை என்பதால் எல்லாம் ஒரே எடையுள்ளவை ஆகிவிடா. எந்த விதி எவ்வளவு எடையுள்ளது என்பதை அந்த விளையாட்டின் நடைமுறையே காட்டிக்கொடுக்கும். பிஜிஏ டூர் தன் தகுதிச் சுற்றின் முதல் இரு கட்டங்களில் வண்டியை அனுமதித்தது. மூன்றாம் கட்டத்தில் மறுத்தது. ஐம்பது வயதைக் கடந்தோருக்கான சீனியர் டூரில் அனுமதித்தது. குழியின் விட்டத்தை எவருக்காவது அப்படி அகலப்படுத்தியதுண்டா? சீனியர் ஆட்டக்காரர் பந்தைக் கையால் எடுத்துக் குழியில் போடலாம் என்றதுண்டா? இல்லை. அங்கே ஆட்டத்தின் எல்லை தெளிவாகத் தெரிகிறது. பேஸ்பால் சிறுவன் கேட்பதாகச் சொல்லப்படும் நான்காவது வாய்ப்பு, போட்டி எதை அளக்கிறதோ அதையே மாற்றுகிறது. வண்டி, அளக்கும் இடத்திற்குப் போய்ச் சேர மட்டுமே உதவுகிறது.

இனி, பேராசிரியரின் கேள்வி. மார்ட்டினுடையது நிரந்தரக் குறைபாடு. தற்காலிகக் காயத்திற்கு எதற்குச் சலுகை? சட்டம் இங்கே அவர் பக்கம் நிற்பது போலத் தோன்றுவதை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, பாதிப்பு பன்னிரண்டு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் அல்லது நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் 'நீண்டகால' பாதிப்பையே பேசுகிறது. முழங்கால் அறுவை முடிந்து மூன்று மாதமானவர் இரண்டு சட்டங்களின் வாசலுக்கும் வெளியே நிற்கிறார். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் ஒரு நிறுவனத்தின் இயல்பு வெளிப்படும். சட்டம் 'செய்தே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை என்பதற்கு 'செய்யக் கூடாது' என்று பொருளில்லை.

குணமான பிறகு வரட்டும் என்பது கேட்க இதமாக இருக்கிறது. கிளப்பின் ஆண்டுக் கோப்பை ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. அறுபது வயதுக்காரரின் மூட்டு எந்தத் தேதியில் குணமாகும் என்று எவர் உறுதி தருவார்? தற்காலிகம் எங்கே முடிகிறது, நிரந்தரம் எங்கே தொடங்குகிறது என்பது பல உடல்களில் பின்னால்தான் தெரியவருகிறது.

பொய்க்காரர் நுழைவர் என்பது அடுத்த அச்சம். 2019இல் முழங்கால் மூட்டு நோயைக் காட்டி ஜான் டேலி பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் வண்டியில் ஆட அனுமதி பெற்றார். வண்டியில் சென்றும் அவர் கடைசி இரு நாள்களுக்குத் தகுதி பெறவில்லை. சில வாரங்களில் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் நடந்த ஓப்பனில் அதே வேண்டுகோள் மறுக்கப்பட்டது. நடப்பது போட்டியின் பிரிக்க முடியாத பகுதி என்பது ஒரு காரணம். அந்த நிலம் வண்டிக்கு ஏற்றதல்ல என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் நேர்மையானது, சோதித்துப் பார்க்கக்கூடியது. சரிவில் வண்டி கவிழுமென்றால் மறுக்கலாம். முதலாவதைச் சோதிக்க வழியே இல்லை, நம்பத்தான் முடியும்.

அதே ஆண்டு, டேலி பற்றிக் கேட்டபோது, தான் முறிந்த காலோடு நடந்ததை டைகர் வுட்ஸ் நினைவூட்டினார். உண்மைதான். 2008 அமெரிக்க ஓப்பனை அவர் அப்படித்தான் வென்றார். 2021 கார் விபத்தில் கால் நொறுங்கிய பிறகும், 2022இல் அகஸ்டாவின் மேடுபள்ளங்களை நொண்டியபடியே நடந்து கடந்தார். அந்த மன உறுதிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒருவர் தன் உடலுக்கு விதித்துக்கொண்ட நோன்பைப் பிறர் உடலுக்கு ஆணையாக்கலாகாது. உண்ணாதிருப்பவரின் தவத்தைக் காட்டிப் பசித்தவரின் இலையை எடுப்பது தவமாகாது.

அப்படியானால் கிளப் என்ன செய்யலாம்? கடினமானது ஒன்றுமில்லை. போட்டிக்கு முன்பே எழுத்தில் வேண்டுகோள் பெறலாம். மருத்துவர் குறிப்பு ஒன்று போதும். நோயின் முழுக்கதையை அறிவிப்புப் பலகைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. வண்டி ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு மட்டும் என்று வரையறுக்கலாம். மழையோ சரிவோ காரணமாக மறுத்தால், அதை எழுதித் தரலாம். குழுத்தலைவரின் நண்பருக்கும் புதிய உறுப்பினருக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். 'வழக்கமில்லை' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மறுப்புக்குக் காரணமாக ஏற்கப்படக் கூடாது.

இப்போது, கோல்ஃபுக்கு ஏன் போனேன் என்று கேட்ட நண்பருக்கு விடை. சென்ற பருவத்தில் எனக்குக் கணுக்கால் தசைநார் கிழிந்திருந்தது. தேர்வு மூன்றாம் மாடியில், மின்தூக்கி பழுது. தரைத்தளத்தில் எழுத அனுமதி கேட்டேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். அப்படியானால் விதியில் இடமில்லை, அடுத்த பருவத்தில் எழுதலாம் என்றார்கள். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறி எழுதினேன். அந்தத் தாள் என் பாட அறிவை அளந்ததா, என் கணுக்காலை அளந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

2021இல் விகாஷ் குமார் வழக்கில், கை எழுதும்போது பிடித்துக்கொள்ளும் குறைபாடுள்ள ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் பதிலி எழுத்தர் மறுக்கப்பட்டதை நம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நாற்பது விழுக்காடு என்ற வரம்பைக் காட்டி நியாயமான வசதியை மறுக்க முடியாது என்றது. தசைநார் கிழிந்தவனுக்கு அத்தீர்ப்பு நேராகப் பொருந்தாது, அறிவேன். ஆனால் அதன் அடியில் இருக்கும் கேள்வி பொருந்தும்: இந்தத் தேர்வு எதை அளக்க விரும்புகிறது, இந்தத் தடை அதன் பகுதியா?

கோல்ஃப் கிளப்பின் புல்வெளி நமக்குத் தொலைவானது. அங்கே உறுப்பினராகும் வாய்ப்பு என் தலைமுறையில் எவருக்கும் இல்லை. ஆனால் 'குணமான பிறகு வா' என்ற வாக்கியத்தை நான் முதலில் கேட்டது அங்கே இல்லை. நம் தேர்வுப் பிரிவின் சாளரத்தில். அரங்கில் தலையசைத்தவர்களுள் சிலர் அடுத்த மாதத் தேர்வுகளுக்குக் கண்காணிப்பாளர்கள். ஊன்றுகோலோடு ஒரு மாணவி அறை மாற்றம் கேட்டு வந்தால், அன்று தலையசைத்ததை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மின்தூக்கி இன்னும் பழுதாகவே இருக்கிறது.