சட்டமும் நாமும்: பிணை என்றால் விடுதலை அல்ல



சென்ற மாதம் நல்லதண்ணியில் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார்:

"மிஸ், இனிமே நான் கோட்டுக்கு வர மாட்டேன். அவன வெளிய உட்டுட்டாங்க. கேஸு முடிஞ்சு போச்சு."

இந்த அக்கா 1983 வன்செயலுக்குப் பிறகு பெற்றோரோடு கிளிநொச்சிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு தங்கையின் லயத்துக்குத் திரும்பி வந்தார். அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதானபோது தெரிந்த ஒருவனே பாலியல் கொடுமை செய்துவிட்டான். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தவணைக்குப் போகும் நாளில் அவருக்குப் பேர் இல்லை. பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் தனி. இதற்கிடையில் அவன் பிணையில் வந்து பெரட்டுக்களத்துப் பக்கமே நடமாடுகிறான். ஊர்ப் பெரியவர்கள் சிலர், "காசை வாங்கிக்கிட்டு சமாதானமா போ, புள்ள பேரு கெட்டுப்போகும்" என்கிறார்கள்.

அன்று அவருக்கு நான் விளக்கியதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதற்படி முறைப்பாடு. பொலிசில் நாம் சொல்வதை எழுதிய பின் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல நமக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைக்கக் கூடாது. சொன்னது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்த வாக்குமூலத்தை வைத்துத்தான், "அன்று ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று கேட்பார். பாலியல் குற்றமானால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் உடனே போக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பெரிய சான்று.

இரண்டாவது படி நீதவான் நீதிமன்றம். நல்லதண்ணிக்காரருக்கு அது ஹற்றனில். கைது செய்தவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பொலிசார் 'பீ அறிக்கை' மூலம் விபரங்களைச் சமர்ப்பிப்பார்கள். சந்தேக நபர் விளக்கமறியலில் வைக்கப்படலாம், பின்னர் பிணையில் விடப்படலாம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இதற்கு இருக்கிறது. பிணை என்பது, "கூப்பிடும் நாளில் வருவேன், சாட்சிகளைத் தொட மாட்டேன்" என்ற கட்டுப்பாடு. குற்றம் செய்யவில்லை என்ற தீர்ப்பு அல்ல. பிணையில் வந்தவன் மிரட்டினாலோ ஆள் அனுப்பினாலோ அதைப் பொலிசிலும் நீதிமன்றத்திலும் சொல்ல வேண்டும். பிணை ரத்தாகலாம். சாட்சியை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றமுமாகும்.

மூன்றாவது படியில்தான் பலர் மனம் விட்டுப்போகிறார்கள். பாரிய குற்றங்களில் கோவை சட்டமா அதிபருக்குப் போகும். சான்றுகளைப் பார்த்து, என்ன குற்றச்சாட்டு என்று அவர் முடிவு செய்து, மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வார். மாதங்கள் போகும், வருடங்களும் போகும். கோட்டில் அடுத்த தவணைத் திகதியை மட்டும் சொல்லி அனுப்புவார்கள். வழக்கு செத்துவிட்டது போலத் தெரியும். ஆனால் சாகவில்லை. வழக்கு இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்து விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காவது படி விளக்கம். குற்றவாளியா, சுற்றவாளியா என்று எதிரியிடம் கேட்பார்கள். அரச சட்டத்தரணி நமது சாட்சிகளை நெறிப்படுத்துவார். குறுக்கு விசாரணையில் கேள்விகள் சுடும். தெரிந்ததைத் தெரியும் என்றும், மறந்ததை மறந்துவிட்டது என்றும் சொன்னால் போதும். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட்டால்தான் தண்டனை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது.

பிறகு தீர்ப்பும் தண்டனையும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைமீது வல்லுறவு நிரூபிக்கப்பட்டால் பத்து முதல் இருபது வருடம் வரை சிறை என்று 1995ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. நட்டஈடும் உண்டு. தண்டிக்கப்பட்டவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அந்தச் செய்தி வந்தாலும் திகைக்க வேண்டாம், அதுவும் ஒரு படிதான்.

நமது நாட்டில் யாவரும் அறிந்த வழக்கொன்றைப் பாருங்கள். 1996 செப்டம்பர் 7ஆம் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும்போது செம்மணிப் பகுதிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். எதிரிகள் படையினர், காலமோ போர்க்காலம். அப்போதும் சாட்சி சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கொழும்பில் மூன்று நீதிபதிகள் விசாரித்து, 1998 ஜூலை 3ஆம் திகதி மரண தண்டனைத் தீர்ப்பளித்தனர். 2004இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1976க்குப் பின் இங்கு தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படாததால், இத்தீர்ப்புப் பெற்றவர்கள் சிறையிலேயே இருப்பார்கள்.

தண்டனை சொல்லுமுன் குற்றவாளியிடம், "சொல்வதற்கு ஏதும் உண்டா?" என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியின்போதுதான் லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் அங்கு தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் சிறுவர்களின் எலும்புகளும் வந்தன. ஒரு பிள்ளைக்காக நடந்த வழக்கில், வேறு எத்தனையோ தாய்மாரின் கேள்விக்கும் ஒரு வாசல் திறந்தது.

2015 மே மாதம் கொல்லப்பட்ட புங்குடுதீவு மாணவியின் வழக்கில் 2017 செப்டம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. இருவர் விடுவிக்கப்பட்டனர். ஆளுக்கு ஆள் சான்று வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

அக்காவிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். "இந்த வழக்கு அரசாங்கம் போட்டது. நீங்க சாட்சி. வல்லுறவு வழக்கைக் காசுக்குத் தீர்க்க உங்களுக்கோ தலைவர்மாருக்கோ உரிமை இல்லை."

அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே இருந்து மகள்தான் கேட்டாள்: "மிஸ், நான் பேசறப்போ அவன் என்னயப் பாத்துக்கிட்டே நிப்பானா?"

அவன் இருப்பான் என்று உண்மையைச் சொன்னேன். மூடிய மன்றில் விசாரிக்கும்படி கேட்கலாம், அச்சம் இருந்தால் பாதுகாப்புக் கேட்கலாம், அரச சட்டத்தரணியை முன்கூட்டியே சந்திக்கலாம், நானும் வருவேன் என்றும் சொன்னேன்.

"அப்ப நான் வாரேன்" என்றாள். அக்கா எழுந்து போய்த் தவணைத் திகதி எழுதிய துண்டைத் தேடி எடுத்தார்.

அந்த நாளில் மஸ்கெலியா வழியாக ஹற்றனுக்குப் போகும் முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் போவோம்.

சகோதரிகளே, உங்களிலும் யாராவது பாதிவழியில் நின்றிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929 என்ற இலக்கங்களை அழையுங்கள். துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.